டயட் புக் வாங்குறதுக்கு முன்னாடி அதோட கடைசிப் பக்கத்தைத் திறந்து பாருங்க

1/
"சார், ஜிம்ல சேர்ந்து ஒரு மாசம் ஆச்சு. தொப்பை குறையணும், உடம்பு இறுகணும். எந்த டயட் புக் வாங்கலாம்?" வாரத்துக்கு ரெண்டு பேராவது இதைக் கேட்டுடறாங்க. அரசு மருத்துவமனை ஓபியில ஒரு ஆளுக்கு எனக்குக் கிடைக்கிறது ரெண்டு நிமிஷம். அதுல இதுக்குப் பதில் சொல்ல முடியாது. அதனால இங்கே எழுதுறேன். நீளமா இருக்கும், கொஞ்சம் கோபமாவும் இருக்கும்.

2/
கோபத்துக்குக் காரணம் ஒரு நைட் டூட்டி. 21 வயசுப் பையன். ஜிம்ல மயங்கி விழுந்துட்டான்னு நண்பர்கள் தூக்கிட்டு வந்தாங்க. பிரஷர் குறைவு. பொட்டாசியம் 2.7. இசிஜியில மாற்றம். இதயத் துடிப்பு எந்த நேரமும் தாறுமாறாகலாம்ங்கிற நிலைமை. "என்னப்பா சாப்பிட்டே?"ன்னு கேட்டா போனை எடுத்துக் காட்டினான். 1,499 ரூபாய் கொடுத்து வாங்கின 60 பக்க பிடிஎஃப் புத்தகம்.

3/
காலையில ஓட்ஸ் கஞ்சி. மதியம் 150 கிராம் சிக்கன், வெள்ளரிக்காய். ராத்திரி நாலு முட்டை வெள்ளைக்கரு, ஒரு ஆப்பிள். கூட்டிப் பார்த்தேன், 700 கலோரியைத் தாண்டலை. கடைசி அத்தியாயத்துல, உடம்புல இருக்கிற தண்ணியை வெளியேத்த ஒரு மாத்திரை. அது இதய செயலிழப்பு நோயாளிகளுக்கு நாங்க எழுதுற, சிறுநீரை அதிகமாப் போக வைக்கிற மாத்திரை. ரெண்டு நாள் டிரிப்ஸ்ல பொட்டாசியம் ஏத்தி, பையன் பிழைச்சுட்டான்.

4/
அந்தப் பையன் சோம்பேறி இல்ல. காசு கொடுத்து வாங்கி, முழுசாப் படிச்சு, வரி விடாம கடைப்பிடிச்சான். பிரச்சனையே அதுதான். தப்பான புத்தகத்தை மேலோட்டமாப் புரட்டுறவன் தப்பிச்சுடுவான். ஒழுங்காப் பின்பற்றுறவன்தான் கேஷுவால்ட்டிக்கு வர்றான்.

5/
நான் சொல்ல வர்றது ஒண்ணே ஒண்ணு. மெனு கொடுக்கிற புத்தகத்தை வாங்காதீங்க, கணக்கு சொல்லித் தர்ற புத்தகத்தை வாங்குங்க. மெனு புத்தகம் தீர்ந்ததும் அடுத்த மெனுவுக்கு அவர்கிட்டேயே போகணும். கணக்கு புரிஞ்சுட்டா, உங்க வீட்டு அடுப்படியில என்ன இருக்கோ அதை வெச்சே நீங்க சமாளிச்சுக்கலாம்.

6/
முதல்ல, "லீன்" ஆகிறதுன்னா என்ன? எடை குறையறது இல்ல. கொழுப்பு குறையணும், தசை நிக்கணும், முடிஞ்சா கூடணும். புதுசா வெயிட் தூக்க ஆரம்பிக்கிறவங்களுக்கு ஒரு அதிர்ஷ்டம் உண்டு: முதல் சில மாசங்கள்ல கொழுப்பு இறங்கும்போதே தசையும் ஏறும். எடை மெஷின் முள் அசையாது, பேண்ட் மட்டும் லூஸாகும். எடையை மட்டுமே அளவுகோலா வெச்ச புத்தகம் இந்த இடத்துல உங்களைத் "தோத்துட்டே"ன்னு சொல்லும். பொய்.

7/
நமக்கு இது இன்னும் முக்கியம். 2004ல லான்செட் இதழ்ல வந்த ஒரு பக்கக் கட்டுரையில ரெண்டு டாக்டர்கள் நிக்கிற போட்டோ. ஒருத்தர் புனே மருத்துவர் யாஜ்னிக், இன்னொருத்தர் பிரிட்டிஷ் மருத்துவர் யுட்கின். ரெண்டு பேருக்கும் பிஎம்ஐ 22.3. யுட்கின் உடம்புல கொழுப்பு 9.1%. யாஜ்னிக் உடம்புல 21.2%. ஒரே பிஎம்ஐ, ரெட்டிப்புக்கும் மேல கொழுப்பு.

8/
ஒல்லியான கை கால், முன்னாடி மட்டும் தொப்பை. நம்ம ஊர் ஆள் முக்கால்வாசிப் பேர் இப்படித்தானே? இவங்ககிட்ட போய் "முதல்ல 10 கிலோ குறை"ன்னா, இருக்கிற கொஞ்சம் தசையும் கரைஞ்சு, எலும்பும் தொப்பையுமா நிப்பாங்க. வெள்ளைக்காரங்களை மனசுல வெச்சு எழுதின புத்தகத்துல பிஎம்ஐ 25 வரைக்கும் "நார்மல்"னு போட்டிருக்கும். நமக்கு 23லயே எச்சரிக்கை. இடுப்பளவு ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. தாண்டக் கூடாது.

9/
இப்போ கடையில விக்கிற புத்தகங்களுக்கு வருவோம். முதல் வகை, வில்லன் புத்தகம். ஒரே ஒரு குற்றவாளி இருப்பான். ஒருத்தருக்கு அரிசி, இன்னொருத்தருக்கு சர்க்கரை, வேற ஒருத்தருக்கு எண்ணெய். அவனை ஒழிச்சா எல்லாம் சரியாயிடுமாம். படிக்க சினிமா மாதிரி விறுவிறுப்பா இருக்கும். அதனாலதான் விக்குது.

10/
2018ல அமெரிக்காவுல ஸ்டான்ஃபோர்டுல கார்ட்னர் குழு 609 பேரை ரெண்டாப் பிரிச்சது. ஒரு பாதி மாவுச்சத்தைக் குறைச்சது, இன்னொரு பாதி கொழுப்பைக் குறைச்சது. ஒரு வருஷம் கழிச்சு முதல் குழு சராசரியா 6.0 கிலோ இறங்கினாங்க, ரெண்டாவது குழு 5.3 கிலோ. புள்ளியியல்படி வித்தியாசம் இல்ல. பேலியோவுல குறைச்சவங்க குறைச்சது உண்மை. நான் மறுக்கலை. "இது ஒண்ணுதான் வழி"ங்கிறதைத்தான் மறுக்கிறேன்.

11/
சிறுதானியக் கட்சிக்கும் ஒரு வார்த்தை. தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தோட 2017 அட்டவணைப்படி 100 கிராம் அரிசியில புரோட்டீன் சுமார் 8 கிராம். கேழ்வரகுல சுமார் 7. ஆமா, குறைவு. கால்சியத்துல கேழ்வரகு எங்கேயோ இருக்கு, நார்ச்சத்தும் அதிகம், நல்லாச் சாப்பிடுங்க. ஆனா "களி சாப்பிட்டா தசை முறுக்கேறும்"னு எழுதினவர் அட்டவணையைத் திறந்தே பார்க்கலைன்னு அர்த்தம்.

12/
ரெண்டாவது வகை, போட்டோ புத்தகம். முன்பு, பின்பு. இடையில 90 நாள். அந்த 90 நாள்ல வெளிச்சம் மாறியிருக்கு, நிக்கிற விதம் மாறியிருக்கு, சில பேருக்கு ஊசியும் ஏறியிருக்கு. உள்ளே பார்த்தா ஆம்பளைங்களுக்கு ஒரு சார்ட், பொம்பளைங்களுக்கு ஒரு சார்ட். 50 கிலோவுக்கும் 90 கிலோவுக்கும் ஒரே சார்ட்.

13/
பெண்களுக்கான சார்ட் பெரும்பாலும் 1,200 கலோரி. ஐசிஎம்ஆர் 2020 கணக்குப்படி 4 முதல் 6 வயசுக் குழந்தைக்கே ஒரு நாளைக்கு 1,360 கலோரி தேவை. நம்ம நாட்டுல 15-49 வயசுப் பெண்கள்ல 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகைன்னு தேசிய குடும்பநல ஆய்வு (2019-21) சொல்லுது. அந்த உடம்பை 1,200 கலோரியில வெச்சு ஸ்குவாட் பண்ணச் சொல்ற புத்தகத்தை என்னன்னு சொல்றது?

14/
மூணாவது வகை, கடை புத்தகம். புத்தகம் 199 ரூபாய்தான். ஒவ்வொரு அத்தியாயம் முடிவுலயும் ஒரு பவுடர், ஒரு கொழுப்பு கரைப்பான், ஒரு கோச்சிங் பேக்கேஜ். எழுதினவருக்கு வருமானம் புத்தகத்துல இல்ல, டப்பாவுல. தலைப்புல கடைசிப் பக்கத்தைப் பாருங்கன்னு சொன்னது இதுக்குத்தான்.

15/
எங்க ஆட்களையும் விடப் போறதில்ல. "ஜிம்மா? புரோட்டீனா? கிட்னி போயிடும்!" இதைச் சொல்ற டாக்டர்கள் நிறைய. நல்ல சிறுநீரகம் இருக்கிற ஆளுக்கு, நான் கீழே சொல்ற அளவு புரோட்டீனால கிட்னி கெட்டதுன்னு ஆதாரம் இல்ல. எம்பிபிஎஸ் படிப்புல எங்களுக்கு ஊட்டச்சத்து சொல்லித் தந்தது கொஞ்சம்தான். தெரியாததை பயமுறுத்தி மறைக்கிறோம். பையன் எங்ககிட்ட பதில் கிடைக்காம 1,499 ரூபாய் பிடிஎஃப்கிட்ட போறான். அந்தப் பழியில எங்களுக்கும் பங்கு உண்டு.

16/
ஆனா சர்க்கரை, பிரஷர், சிறுநீரகக் கல், குடும்பத்துல கிட்னி நோய் இருந்தா முதல்ல கிரியாட்டினின் பாருங்க. அரசு மருத்துவமனையில இலவசம். சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுக்கிறவங்க டாக்டர்கிட்ட சொல்லாம சாப்பாட்டைக் குறைக்கவே கூடாது. லோ சுகர்ல விழுந்தா எழுந்திருக்காமலே போகலாம்.

17/
சரி, கடையில புத்தகத்தைக் கையில எடுத்ததும் அஞ்சு கேள்வி.
ஒண்ணு: புரோட்டீனை உடல் எடைக்கு இத்தனை கிராம்னு சொல்லுதா?
ரெண்டு: எவ்வளவு வேகமா குறையலாம்னு சொல்லுதா? வாரத்துக்கு உடல் எடையில அரை முதல் ஒரு சதவீதம் நியாயம். "30 நாளில் 10 கிலோ"ன்னா அங்கேயே வெச்சுடுங்க.
மூணு: மூணு வாரம் எதுவும் மாறலைன்னா என்ன செய்யணும்னு இருக்கா?
நாலு: யார் இதைப் பின்பற்றக் கூடாதுன்னு இருக்கா?
அஞ்சு: கடைசிப் பக்கத்துல எதை விக்குது?

18/
இந்த அஞ்சுலயும் தேறுற ஒண்ணு, எரிக் ஹெல்ம்ஸும் சக ஆசிரியர்களும் எழுதின "தி மசில் அண்ட் ஸ்ட்ரெங்த் பிரமிட்ஸ்" நியூட்ரிஷன் புத்தகம். பிரமிடோட அடித்தளம் மொத்தக் கலோரி. அதுக்கு மேல புரோட்டீன், கொழுப்பு, மாவுச்சத்து. அப்புறம் வைட்டமின், தாது உப்பு, தண்ணி. அப்புறம்தான் எந்த நேரத்துல சாப்பிடறதுங்கிறது. உச்சியில, சின்னதா, சப்ளிமென்ட். நம்ம ஜிம்கள்ல இதைத் தலைகீழாத்தான் சொல்லித் தர்றாங்க.

19/
குறையும் உண்டு. இங்கிலீஷ்ல இருக்கு. உதாரணமெல்லாம் அவங்க ஊர் சாப்பாடு. போட்டிக்குத் தயாராகிறவங்களுக்கான நுணுக்கம் பாதி. ஆரம்பிக்கிறவங்களுக்கு முதல் ரெண்டு படி போதும். மீதியை ஒரு வருஷம் கழிச்சுப் படிங்க. நம்ம சாப்பாட்டுக்கு, மேலே சொன்ன தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தோட உணவு அட்டவணை. 528 உணவுப் பொருள், நம்ம நாட்டுலயே சேகரிச்சு அளந்தது. பவுடர் விளம்பரம் ஒண்ணு கூட இல்ல.

20/
அதே நிறுவனத்தோட 2024 வழிகாட்டி புரோட்டீன் பவுடர் வேண்டாம்னு சொல்லுது. கலப்படமும் அதிக விலையும் இருக்கிற சந்தையில அந்தக் கவலை நியாயம். ஆனா பொது மக்களுக்கு அவங்க சொல்ற அளவு கிலோவுக்கு 0.83 கிராம். வெயிட் தூக்குறவங்களுக்கு அது பத்தாது. 2018ல 49 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தப்போ, கிலோவுக்கு சுமார் 1.6 கிராம் வரைக்கும் தசைக்குப் பலன் கூடுது, அதுக்கு மேல பெருசா இல்ல.

21/
70 கிலோ ஆளுக்கு 1.6ன்னா 112 கிராம். டப்பா இல்லாம வருமா? 4 முட்டை: 24. பாலோ தயிரோ அரை லிட்டர்: 16. சோயா உருண்டை, ஊற வைக்கிறதுக்கு முன்னாடி 50 கிராம்: 26. துவரம்பருப்பு, வேக வைக்காம 75 கிராம்: 16. மத்தியோ சிக்கனோ 100 கிராம்: 20. மொத்தம் 102. சோறு, இட்லியில இருந்து 10, 15 சும்மாவே வரும். முடிஞ்சது. அசைவம் வேண்டாம்னா பன்னீர், கொண்டைக்கடலை, இன்னும் கொஞ்சம் சோயா.

22/
இங்கே எல்லாரும் சறுக்குற இடம்: பச்சையா, வேக வெச்சதா? 100 கிராம் பச்சைப் பருப்புல 22 கிராம் புரோட்டீன். அதுவே தண்ணி விட்டு சாம்பாரானா ஒரு கரண்டியில ரெண்டு மூணு கிராம்தான். "தினமும் சாம்பார் சாப்பிடறேனே சார்"னு சொன்னா பத்தாது. எந்த அளவுன்னு தெளிவாச் சொல்லாத புத்தகம் கணக்கே சொல்லலைன்னு வெச்சுக்கங்க.

23/
கலோரிக்கு: இப்போ சாப்பிடறதுல இருந்து 300 முதல் 500 குறைச்சாப் போதும். பட்டினி வேண்டாம். ரெண்டு டீயில சர்க்கரை, சாயங்கால பஜ்ஜி, தாளிக்கிற எண்ணெயில ஒரு குழிக்கரண்டி. பாதி அதுலயே போயிடும். சோறு எதிரி இல்ல. தட்டு முழுக்க சோறும் ஓரத்துல ஒரு முட்டையும்ங்கிற அளவுதான் பிரச்சனை.

24/
"இதுக்குப் போய் புத்தகம் எதுக்கு சார், நீங்களே சொல்லிட்டீங்களே?"ன்னு கேட்டா, சந்தோஷம். இங்கிலீஷ் புத்தகம் படிக்க முடியாதவங்க ஒரு 40 பக்க நோட்டும், அடுப்படிக்கு ஒரு சின்ன எடை மெஷினும் வாங்குங்க. ரெண்டு வாரம் சாப்பிட்டதை அப்படியே எழுதுங்க. வாரம் ஒரு தடவை இடுப்பளவு, தூக்கின வெயிட். ரெண்டாவது ஏறி, முதலாவது இறங்கினா நீங்க சரியான பாதையில இருக்கீங்க.

25/
அந்தப் பையன் டிஸ்சார்ஜ் ஆகும்போது "இனிமே ஜிம்முக்குப் போகலாமா சார்?"னு பயந்துகிட்டே கேட்டான். தாராளமாப் போன்னேன், பிடிஎஃப்பை மட்டும் அழிக்கச் சொன்னேன். அப்புறம் அவங்க அம்மாவைக் கூப்பிட்டு, வீட்டுல வாரத்துக்கு எத்தனை முட்டை, ரேஷன் பருப்பு எவ்வளவு வருதுன்னு கேட்டு, மூணு பேரும் உட்கார்ந்து கணக்குப் போட்டோம். பத்து நிமிஷம் ஆச்சு. வெளியே வரிசை நீண்டுகிட்டே போச்சு.

26/
உங்க வீட்டுலயோ ஜிம்லயோ இப்படி ஒரு தம்பி, தங்கச்சி இருந்தா இதைக் காட்டுங்க. "தண்ணியை வெளியேத்துற மாத்திரை"ன்னு எந்த டயட் சார்ட்ல பார்த்தாலும், அவங்களை அன்னைக்கே பக்கத்துல இருக்கிற அரசு மருத்துவமனைக்குக் கூட்டிட்டு வாங்க. திட்ட மாட்டோம். நான் திட்ட மாட்டேன்.