சாயாத கோபுரம்

ஆலயக் கோபுரத்தைப் படமெடுக்கும் நாம் அனைவரும் அறிந்த குறை ஒன்றுண்டு. உச்சிச் சிலுவையும் படத்தில் அடங்க வேண்டுமெனக் காமிராவை அண்ணாந்து பிடிக்கிறோம். கோபுரமோ மேலே செல்லச் செல்லக் குறுகி, மல்லாந்து விழுவதுபோல் பதிகிறது. படம் பதியும் தளம் சுவருக்கு இணையாக நின்றாலன்றி நிமிர்ந்த கோடுகள் நிமிர்ந்து அமையா.

காமிராவை நேராக நிறுத்தி, லென்ஸை மட்டும் மேலே நகர்த்துவதே இதற்குப் பரிகாரம். கறுப்புத் துணி போர்த்திய பழைய மரக்காமிராக்கள் பலவற்றில் மடிப்புத் துருத்தி இவ்வசதியைத் தந்தது. சிறிய காமிராக்கள் வந்தன, துருத்தி மறைந்தது. நகரவும் சாயவும் வல்ல லென்ஸை 35 மி.மீ. காமிராவுக்கென 1973இல் கேனன் நிறுவனம் வெளியிட்டது. இன்றும் அத்தகையவை கிடைக்கின்றன. விலைதான் நம் போன்ற குடும்பங்களுக்கு எட்டாதது. ஆகவே, கைத்திறனுள்ள இளைஞர் வீட்டிலேயே துருத்தி செய்யும் வழியைக் கூறுகிறோம்.

முதலில் லென்ஸ். காமிராவோடு வந்தது உதவாது. 24க்கு 36 மி.மீ. சட்டத்தின் மூலைவிட்டம் 43 மி.மீ.; அதற்கான லென்ஸ் வீசும் ஒளிவட்டமும் அதைவிடச் சற்றே பெரிது. நகர்த்தினால் மூலைகள் இருண்டுவிடும். 6 செ.மீ. சதுரப் படத்துக்கான பழைய 80 மி.மீ. லென்ஸ் ஏறத்தாழ 80 மி.மீ. வட்டம் வீசும். பென்டகான் சிக்ஸ் காமிராவில் லென்ஸ் பொருந்தும் விளிம்புக்கும் படச்சுருளுக்கும் இடைவெளி 74 மி.மீ.; நிக்கானில் 46.5 மி.மீ. மீதமுள்ள 27 மி.மீ. சொச்சமே துருத்திக்குரிய இடம். இதை மீறினால் அருகிலுள்ள பூ தெளியும். தொலைவிலுள்ள கோபுரம் ஒருபோதும் தெளியாது. மிரர்லெஸ் காமிராக்களில் இடம் தாராளம்.

ஒளி புகாத கறுப்புத் துணியில் மெல்லிய அட்டைக் கீற்றுகளைச் சிறு இடைவெளி விட்டு ஒட்டி, மேலே மற்றொரு துணியை ஒட்டுங்கள். காய்ந்தபின் விசிறிபோல் மடித்துக் குழாயாக இணையுங்கள். ஒரு முனையைத் துளையிட்ட காமிரா மூடியிலும், மறுமுனையை லென்ஸ் தாங்கும் ஒட்டுப்பலகையிலும் பொருத்துங்கள். மூடியைக் கழற்றிய பிறகே துளையிட வேண்டும். தூள் காமிராவுக்குள் விழலாகாது. துருத்தி லென்ஸின் பாரத்தைத் தாங்காது. கீழே மரச்சட்டம் ஒன்றும் இறுக்கும் திருகுகளும் தேவை. பின்னர் இருட்டறையில் துருத்திக்குள் சிறு டார்ச் விளக்கை வைத்துப் பாருங்கள். மடிப்பு மூலைகளில்தான் ஒளி கசியும்.

சாய்ப்பதன் பயன் வேறு. படத்தளம், லென்ஸின் தளம், பொருளின் தளம் மூன்றும் ஒரே கோட்டில் சந்தித்தால் அப்பொருள் முழுவதும் தெளியும். ஆஸ்திரியப் படை அதிகாரி தியோடர் ஷைம்ப்ஃப்ளுக் 1904இல் காப்புரிமை பெற்ற ஆய்வில் விளக்கிய விதி இது. லென்ஸைச் சற்றே குனியவைத்தால் காலடிப் பூக்கோலம் முதல் எதிரேயுள்ள வாயிற்படி வரை தெளிவாய் விழும்.

கணினியில் நிமிர்த்தலாமே என்பர். நிமிர்த்தலாம், ஆனால் மேற்பகுதியை இழுத்து நீட்டுவதால் நுணுக்கம் தேயும். நம் துருத்திக்கும் குறையுண்டு: 80 மி.மீ. லென்ஸ் காணும் பரப்பு குறுகியது. வெகுதூரம் பின்வாங்கி நிற்க இடமில்லாத சந்துகளில் பயன்படாது. முக்காலி கட்டாயம். லென்ஸை நகர்த்துமுன்னரே ஒளியை அளந்து கொள்ளுங்கள். நகர்த்தியபின் காமிராவின் ஒளிமானி தவறாகக் காட்டக்கூடும்.