சத்தம் போடாது... ஆனால், சத்தத்துக்கே உயிர் கொடுக்கும்! - 'மேத்ஸ்' மாட்யூலை இயக்குவது எப்படி? | கருவி பேசுது

யூடியூபிலோ ரீல்ஸிலோ இந்தக் காட்சியை நிச்சயம் பார்த்திருப்பீர்கள். மேஜை மேல் ஒரு பெரிய பெட்டி. அது நிறைய குமிழ்கள், மினுக் மினுக்கென்று குட்டி விளக்குகள். பழைய டெலிபோன் எக்ஸ்சேஞ்ச் மாதிரி கலர் கலராய் ஒயர்கள். ஒருவர் ஒரு ஒயரைப் பிடுங்கி வேறு ஓட்டையில் செருகுகிறார். சட்டென்று இசையே மாறிப்போகிறது. கீபோர்டைக் காணோம். கம்ப்யூட்டரையும் காணோம். 'இவர் வாசிக்கிறாரா, ரிப்பேர் பண்றாரா?' என்று நமக்குச் சந்தேகமே வந்துவிடும்.

அதுதான் மாடுலர் சிந்தசைசர். ஒரே கருவியாக வாங்காமல், ஒரு வேலைக்கு ஒரு 'மாட்யூல்' என்று தனித்தனியாக வாங்கிப் பெட்டியில் பொருத்தி, ஒயரால் இணைத்து வாசிப்பது.

இதில் புதிதாக இறங்குபவர்கள் வழக்கமாக ஒரு பள்ளத்தில் விழுகிறார்கள். சத்தம் போடும் மாட்யூல்களாகவே தேடித் தேடி வாங்குகிறார்கள். ஸ்விட்ச் போட்டால், பழைய ஃப்ரிட்ஜ் மாதிரி 'ங்ங்ங்ங்' என்று ஒரே சத்தம். பத்து நிமிடத்தில் சலித்துவிடும். குறை சத்தத்தில் இல்லை. அந்தச் சத்தத்தை அசைக்க ஆள் இல்லை. அசைப்பதற்கென்றே இருக்கும் மாட்யூல்களில் மிகப் பிரபலமான ஒன்றைத்தான் இந்த வாரம் திறந்து பார்க்கப்போகிறோம்.

கண்ணுக்குத் தெரியாத கை

ஒரு குமிழைக் கையால் திருப்பினால் சத்தம் மாறும். இரண்டு கையால் இரண்டு குமிழைத் திருப்பலாம். மூன்றாவது குமிழை யார் திருப்புவது? மின்சாரம் திருப்பும். அதுதான் 'கன்ட்ரோல் வோல்டேஜ்', சுருக்கமாக சி.வி.

வோல்டேஜ் ஏறினால் குமிழை வலப்பக்கம் திருப்பியது மாதிரி. இறங்கினால் இடப்பக்கம் திருப்பியது மாதிரி. அந்த ஒயரை எங்கே செருகுகிறோமோ, அங்கே வேலை நடக்கும். வால்யூமில் செருகினால் ஒலி ஏறி இறங்கும். ஃபில்டரில் செருகினால் 'வாவ் வாவ்' என்று திறந்து மூடும். சுருதியில் செருகினால் ஸ்வரம் மாறும்.

சுருதிக்கு ஓர் அழகான கணக்கு உண்டு. 1 வோல்ட் கூடினால் ஸ்வரம் சரியாக ஒரு ஸ்தாயி மேலே போகும். கீழ் ஸட்ஜத்தில் இருந்து மேல் ஸட்ஜம் என்று வைத்துக்கொள்ளுங்கள். கீபோர்டில் அதற்குள் 12 படிகள். எனவே, ஒரு படிக்குச் சுமார் 83 மில்லிவோல்ட். அமெரிக்காவின் ராபர்ட் மோக் 1960-களில் பிரபலமாக்கிய கணக்கு இது. (அவர் பெயரை 'மூக்' என்று படிக்காதீர்கள், 'மோக்'தான்.)

கணக்குப் பாடம் நடத்தும் பெட்டி

நாம் பார்க்கப்போகும் மாட்யூலின் பெயரே 'மேத்ஸ்'. அமெரிக்காவின் வடக்கு கரோலினா மாநிலத்தில் ஆஷ்வில் என்ற ஊரில் இயங்கும் 'மேக் நாய்ஸ்' நிறுவனத்தின் தயாரிப்பு. நிறுவனர் டோனி ரோலாண்டோ. வோல்டேஜைக் கூட்டும், கழிக்கும், தலைகீழாக்கும், பெரிதாக்கும், சிறிதாக்கும் என்பதால் இந்தப் பெயர். 'இசைக்கான அனலாக் கம்ப்யூட்டர்' என்றுதான் அவர்களே இதை அறிமுகப்படுத்துகிறார்கள்.

யோசனை புதிதல்ல. 1970-களில் கலிஃபோர்னியாவில் செர்ஜ் செரெப்னின் என்ற இசையமைப்பாளர், விலை உயர்ந்த சிந்தசைசர்களை வாங்க முடியாதவர்களுக்காகச் சொந்தமாகக் கருவிகளை வடிவமைத்தார். அதில் ஒரே சர்க்யூட்டை ஒயர் மாற்றி மாற்றிப் பல வேலைக்குப் பயன்படுத்தும் ஒரு மாட்யூல் இருந்தது. மேத்ஸ் அதன் வழியில் வந்தது.

ஜெர்மனியின் டீட்டர் டோப்ஃபர் 1990-களின் நடுவில் கொண்டுவந்த 'யூரோராக்' அளவில்தான் இதுவும் இருக்கிறது. சுமார் 13 செ.மீ. உயரம், 10 செ.மீ. அகலம். பெட்டிக்கடை பாக்கெட் நோட்டு சைஸ்தான்!

ஒரு தொட்டி, இரண்டு குழாய்

மேத்ஸில் நான்கு சேனல்கள். ஓரத்தில் இருக்கும் 1, 4 இரண்டும்தான் கதாநாயகர்கள். நடுவில் இருக்கும் 2, 3 இரண்டும் உதவியாளர்கள்.

முதல் சேனலை ஒரு தண்ணீர்த் தொட்டியாக நினைத்துக்கொள்ளுங்கள். தண்ணீருக்குப் பதில் வோல்டேஜ்.

* ரைஸ் குமிழ்: தொட்டி நிரம்ப எவ்வளவு நேரம்? வலப்பக்கம் திருப்பத் திருப்ப மெதுவாக நிரம்பும்.

* ஃபால் குமிழ்: நிரம்பிய தொட்டி காலியாக எவ்வளவு நேரம்? இதுவும் அப்படியே.

* வேரி-ரெஸ்பான்ஸ் குமிழ்: ஏறி இறங்கும் பாதையின் வளைவு. இடப்பக்கம் திருப்பினால் குன்று மாதிரி உப்பலான வளைவு. வலப்பக்கம் திருப்பினால் முள் மாதிரி கூர்மை. இதைத் தொட்டால் நேரமும் கூடக் குறைய மாறும் என்பதை நினைவில் வையுங்கள். 'ரைஸைத் தொடவே இல்லையே, ஏன் வேகம் மாறுச்சு?' என்று குழம்ப வேண்டாம்.

* சைக்கிள் பட்டன்: இதை அழுத்தினால் தொட்டி காலியானதும் தானாகவே மறுபடி நிரம்பும். ஊஞ்சல் மாதிரி போய் வந்துகொண்டே இருக்கும்.

உள்ளே செருக இரண்டு ஓட்டைகள். 'டிரிக்கர்' ஓட்டையில் ஒரு சின்ன மின் தட்டு கொடுத்தால் போதும், தொட்டி ஒருமுறை முழுக்க நிரம்பிக் காலியாகும். 'சிக்னல்' ஓட்டையில் கொடுத்தால், வரும் வோல்டேஜை அது பின்தொடரும். எவ்வளவு சீக்கிரம் எட்டிப்பிடிக்கும் என்பதை ரைஸும் ஃபாலும் தீர்மானிக்கும்.

2, 3-ம் சேனல்களில் ரைஸ், ஃபால் கிடையாது. வரும் வோல்டேஜைப் பெருக்கலாம், குறைக்கலாம், தலைகீழாக்கலாம், அவ்வளவுதான். நான்கு சேனல்களுக்கும் நடுவில் ஒவ்வொரு குமிழ் இருக்கும். அது கடிகார முள் 12 மணியில் நிற்பதுபோல நேராக நின்றால் பூஜ்ஜியம். வலப்பக்கம் திருப்பினால் கூட்டல், இடப்பக்கம் திருப்பினால் கழித்தல்.

செய்து பார்க்க நான்கு பயிற்சிகள்

1. மூச்சு விடும் சத்தம்: முதல் சேனலின் சைக்கிள் பட்டனை அழுத்துங்கள். ரைஸ், ஃபால் இரண்டையும் நடுவில் வையுங்கள். அந்தச் சேனலின் அவுட்புட்டை ஃபில்டரின் சி.வி. ஓட்டையில் செருகுங்கள். தட்டையாக இருந்த சத்தம் மூச்சு இழுத்து விடுவதுபோல் அசையத் தொடங்கும். இப்போது ரைஸை மட்டும் கூட்டுங்கள். மெதுவாக இழுத்து, சட்டென்று விடும். சத்தம் ஒன்றுதான், குணம் வேறு!

2. தாளச் சத்தம்: சைக்கிளை நிறுத்துங்கள். டிரிக்கர் ஓட்டையில் தாளம் வரும் ஒயரைச் செருகுங்கள். ரைஸை முழுக்க இடப்பக்கம் கொண்டுவாருங்கள். ஃபாலைக் கொஞ்சம் மட்டும் ஏற்றுங்கள். அவுட்புட்டை வால்யூமைக் கட்டுப்படுத்தும் வி.சி.ஏ. மாட்யூலில் செருகினால், 'ங்ங்ங்' என்று இரைந்த சத்தம் 'டொக் டொக்' என்று தட்டும். வேரி-ரெஸ்பான்ஸை வலப்பக்கம் திருப்பினால் தட்டு இன்னும் கூர்மையாகும்.

3. வழுக்கும் ஸ்வரம்: சுருதிக்கான வோல்டேஜை நேராக அனுப்பாமல் முதல் சேனலின் சிக்னல் ஓட்டை வழியாக அனுப்புங்கள். ரைஸைக் கொஞ்சம் ஏற்றினால், ஒரு ஸ்வரத்தில் இருந்து அடுத்ததற்குக் குதிக்காமல் வழுக்கிக்கொண்டு மேலே போகும். ஃபாலைக் குறைத்து வைத்தால் இறங்கும்போது மட்டும் குதிக்கும். ஒரு விஷயம் முக்கியம். இதற்கு 'யூனிட்டி' என்ற அவுட்புட்டையே பயன்படுத்துங்கள். நடுக் குமிழ் வழியாகப் போனால் 1 வோல்ட் என்பது 0.9 ஆகிவிடலாம், சுருதி கெட்டுவிடும்.

4. ஒரு தட்டு, இரண்டு சத்தம்: மேத்ஸில் தொட்டி நிரம்பியதும் 'நிரம்பிடுச்சு' என்று தகவல் சொல்லும் ஓட்டை முதல் சேனலுக்கு உண்டு. பெயர் இ.ஓ.ஆர். அதை நான்காம் சேனலின் டிரிக்கரில் செருகுங்கள். தாள ஒயரை இரண்டாகப் பிரித்து, ஒன்றை டிரம் மாட்யூலுக்கும் மற்றொன்றை முதல் சேனலின் டிரிக்கருக்கும் கொடுங்கள். டிரம் அடித்ததும் முதல் தொட்டி நிரம்பத் தொடங்கும். நிரம்பியதும் நான்காம் சேனல் கிளம்பும். அதை வி.சி.ஏ.வில் கொடுத்தால் இரண்டாவது அடி! இரண்டுக்கும் நடுவில் எவ்வளவு இடைவெளி? முதல் சேனலின் ரைஸ் குமிழ்தான் முடிவு செய்யும்.

25 நிமிடமும், நொடிக்கு 1,000 முறையும்

மேத்ஸில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம் இதுதான். ஒரே ஒரு ஏற்ற இறக்கத்தை 25 நிமிடம் வரை இழுக்கலாம். நீங்கள் சோறு வடித்து, குழம்பு வைத்து வரும்வரை ஒரு முறைகூட முடிந்திருக்காது! அதே குமிழை மறுபக்கம் திருப்பினால் நொடிக்கு சுமார் 1,000 முறை வரை ஏறி இறங்கும்.

நடுவில்தான் மாயம். மனிதக் காது ஏறத்தாழ நொடிக்கு 20 அதிர்வில் இருந்துதான் ஸ்வரமாகக் கேட்கத் தொடங்கும். அதற்குக் கீழே அசைவு; அதற்கு மேலே ஓசை. சைக்கிளைப் போட்டு அவுட்புட்டை ஸ்பீக்கருக்கு அனுப்பி, ரைஸையும் ஃபாலையும் குறைத்துக்கொண்டே வாருங்கள். 'டக்... டக்... டக்' என்பது 'டகடகடக' ஆகி, அப்படியே 'ம்ம்ம்' என்ற ஸ்வரமாக எழும். தாளமும் ஸ்வரமும் வேறு வேறல்ல, வேகம்தான் வித்தியாசம் என்பதைப் புத்தகத்தில் படிப்பது வேறு. விரல் நுனியில் உணர்வது வேறு.

இதையெல்லாம் கவனியுங்க!

* மேத்ஸில் 'சம்' என்ற அவுட்புட் நான்கு சேனல்களையும் கூட்டித் தரும். 2, 3-ம் சேனல்களில் எதையும் செருகாவிட்டாலும் அவை சும்மா இருக்காது. குமிழ் நகர்ந்திருந்தால் இரண்டாவது 10 வோல்ட் வரையும், மூன்றாவது 5 வோல்ட் வரையும் கூட்டலாகவோ கழித்தலாகவோ சேர்க்கும். காரணமே இல்லாமல் சுருதி எங்கோ போனால், முதலில் இந்த இரண்டும் 12 மணியில் நிற்கின்றனவா என்று பாருங்கள்.

* நடுக் குமிழுக்கான அவுட்புட்டில் ஒயரைச் செருகினால் அந்தச் சேனல் 'சம்' கூட்டலில் இருந்து விலகிவிடும். இது பழுது அல்ல, வடிவமைப்பே அப்படி.

* மாட்யூலைப் பெட்டியில் பொருத்தும்போது மின் இணைப்பைத் துண்டித்துவிடுங்கள். பவர் கேபிளில் இருக்கும் சிவப்புக் கோடு -12 வோல்ட் பக்கம் இருக்க வேண்டும். தலைகீழாகச் செருகி ஸ்விட்ச் போட்டால் மாட்யூல் கருகிவிடலாம். விலை கொடுத்து வாங்கிய பொருள், இரண்டு முறை சரிபார்ப்பதில் தவறில்லை.

* ஒயர் மாற்றும்போது ஸ்பீக்கர் சத்தத்தைக் குறையுங்கள். திடீர் சத்தம் ஸ்பீக்கருக்கும் கெடுதல், காதுக்கும் கெடுதல்.

* பிடித்த சத்தம் வந்துவிட்டால் உடனே ரெக்கார்டு செய்யுங்கள், மொபைலில் போட்டோவும் எடுங்கள். இதில் 'சேவ்' பட்டன் கிடையாது. ஒயரைப் பிடுங்கினால் அந்தச் சத்தம் போயே போச்சு!

காசு செலவில்லாமல் பழகலாமா?

'இதெல்லாம் வெளிநாட்டுக்காரர்கள் விளையாட்டு, நமக்கெதுக்கு?' என்று நினைத்தால் ஒரு தகவல். 1969-லேயே அகமதாபாத்தின் தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் மோக் மாடுலர் சிந்தசைசரோடு ஓர் எலெக்ட்ரானிக் இசைக்கூடம் அமைக்கப்பட்டது. அமைத்துக் கொடுத்தவர் அமெரிக்க இசைக்கலைஞர் டேவிட் டியூடர். 1969-72 காலத்தில் அங்கே உருவான பதிவுகள் 2023-ல் இசைத்தொகுப்பாகவே வெளிவந்தன. மனிதன் நிலவில் கால்வைத்த அதே ஆண்டில் இந்திய விரல்கள் இந்தக் குமிழ்களைத் தொட்டுவிட்டன.

இன்று அகமதாபாத் வரை போக வேண்டியதில்லை. லேப்டாப் இருந்தால் 'வி.சி.வி. ராக்' என்ற மென்பொருளை இலவசமாகவே இறக்கிக்கொள்ளலாம். உண்மையான மாடுலர் பெட்டி மாதிரியே திரையில் மாட்யூல்களை அடுக்கி, மவுஸால் ஒயர் இழுக்கலாம். மேத்ஸுக்கு நெருங்கிய சொந்தமான 'ராம்பேஜ்' என்ற மாட்யூல் அதில் இலவசம். ஸ்பெயினின் பெஃபாகோ நிறுவனத்தின் வடிவமைப்பு. இதிலும் ரைஸ், ஃபால், சைக்கிள் எல்லாம் உண்டு. மேலே சொன்ன முதல் பயிற்சியை இன்று இரவே செய்துவிடலாம். இதில் இரண்டு மாதம் பழகிய பிறகும் ஆசை அடங்கவில்லை என்றால், அப்போது நிஜப் பெட்டிக்குப் பணம் சேர்க்கத் தொடங்குங்கள். அதுவரை கிரெடிட் கார்டு பர்ஸுக்குள்ளேயே இருக்கட்டும்!

லேப்டாப்பும் இல்லையா? காது இருக்கிறதே. இந்த வாரம் கேட்கும் சத்தங்களிடம் எல்லாம் மூன்று கேள்விகள் கேளுங்கள். எப்படி ஏறுகிறது? எப்படி இறங்குகிறது? மறுபடி வருகிறதா? கோயில் மணி சட்டென்று ஏறி, வெகுநேரம் இறங்கும். வயலின் மெல்ல ஏறும். மிருதங்கத்தின் ஓர் அடி ஏறிய வேகத்தில் இறங்கும். வீட்டில் குழந்தைகள் இருந்தால் பிரஷர் குக்கர் விசிலின் ரைஸையும் ஃபாலையும் கையால் காற்றில் வரைந்து காட்டச் சொல்லுங்கள். பாதி மேத்ஸ் அங்கேயே புரிந்துவிடும். மீதிக்குத்தான் ஒயர் வேண்டும்.

நீங்கள் வரைந்ததில் எந்தச் சத்தத்தின் வளைவு விநோதமாக இருந்தது? கமென்ட்டில் சொல்லுங்கள். அடுத்த வாரம் வேறொரு கருவியோடு பேசுவோம்!