ஓடைக்கரை உயிர்களும் நம் பிள்ளைகளும்

செமோர் வட்டாரத்தில் ரப்பர் மரங்கள் நின்ற நிலங்கள் பல செம்பனையாகவும் வீடமைப்புப் பகுதிகளாகவும் மாறிவிட்டன. நம் பள்ளிக்குப் பின்னால் உள்ள சிற்றோடை மட்டும் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. அதன் கரையில் வாழும் உயிர்களுள் ஐந்தின் பெயரைக் கூறுமாறு ஆறாம் ஆண்டு மாணவரை வினவினோம். பாம்பு, கொக்கு என்பதோடு பலர் நின்றுவிட்டனர். ஆப்பிரிக்கச் சிங்கத்தைப் பற்றியோ அவர்கள் பத்து வாக்கியம் எழுத வல்லவர்கள்!

இதனைச் சிறு குறையென நாம் கருதவில்லை. சில ஆண்டுகளுக்கு முன், ஓடையில் நீந்திய உடும்பு ஒன்றை "முதலை, முதலை" என்று கூவிச் சிறுவர்கள் கல்லெறிந்து கொன்றுவிட்டனர். உடும்பு பாம்பைப்போல் பிளவுண்ட நாக்கை நீட்டி நீட்டி இழுக்கும். முதலைக்கு அத்தகைய நாக்கு இல்லை. இந்த ஒன்றை அறிந்திருந்தால் அவ்வுயிர் பிழைத்திருக்கும். எலிகளையும் இறந்த பிராணிகளையும் தின்று கரையைத் தூய்மை செய்வது அதுவே.

பெயரும் சில வேளை நம்மை ஏமாற்றும். செந்நிற அலகும் நீல முதுகும் கொண்ட வெண்மார்பு மீன்கொத்தி, மீனை மட்டும் நம்பி வாழ்வதன்று. வெட்டுக்கிளியும் பல்லியும் அதற்கு உணவே; நீரில்லா இடத்துக் கம்பியிலும் அது அமர்ந்திருப்பது அதனால்தான். புதருள் ஓடி மறையும் வெண்முகக் கானாங்கோழியை மலாய்க்காரர் அதன் கூவலைக் கொண்டே 'ருவாக்-ருவாக்' என்பர். இரு பெயரையும் பிள்ளைகள் அறிதல் வேண்டும். தமிழ்ப் பெயரைத் தமிழ்ப்பள்ளி சொல்லித் தராவிடின் வேறு யார் சொல்லித் தருவர்?

ஓடையில் காண்பன யாவும் இம்மண்ணுக்கு உரியவை அல்ல. புல்தண்டில் இளஞ்சிவப்பு முட்டைக் கொத்து தெரிந்தால், அது தென் அமெரிக்காவிலிருந்து வந்து நெல்வயல்களைப் பாழாக்கும் நத்தையின் வேலை. 'ஈக்கான் பண்டாராயா'வும் அக்கண்டத்து மீனே. தொட்டி அழுக்கைத் தின்னும் மீனுக்கு மாநகராட்சியின் பெயரைச் சூட்டியவர் நகைச்சுவை உணர்வு மிக்கவர் போலும்! அம்மீனை வளர்த்துச் சலித்தபின் ஓடையில் விடுவதைப் புண்ணியமெனக் கருதும் பெற்றோர், அருள்கூர்ந்து அவ்வழக்கத்தைக் கைவிட வேண்டுகிறோம். விராலும் கெளுத்தியும் வாழும் நீரில் அவற்றுக்குப் போட்டியை நாமே கொண்டுவந்து விடுகிறோம்.

ஆகவே, நான்காம் ஆண்டு முதல் ஒவ்வொரு வகுப்பும் மாதம் ஒருமுறை ஆசிரியருடன் ஓடைக்கரைக்குச் செல்லுதல் வேண்டும் என்பது எமது கருத்து. காலணி கட்டாயம், மழை பெய்த மறுநாள் கரைக்குச் செல்வதில்லை, நீரில் இறங்குவதும் பாம்பைத் தொடுவதும் கூடா. அரசாங்கத் தேர்வு 2021இல் நீக்கப்பட்ட பின்னரும், "இது சோதனைக்கு வருமா?" என வினவும் பெற்றோர் உளர். வராது.

குறிப்பேடு நூலக மேசைமேல் உள்ளது. முதல் பக்கத்தில் மாணவி ஒருத்தி தும்பியை வரைந்திருக்கிறாள். இறக்கையை விரித்தபடி அமர்வது தும்பி, பெரும்பாலும் மடித்து அமர்வது ஊசித்தும்பி என்று அவளே கீழே எழுதியும் வைத்திருக்கிறாள்.