வேலை கிடைத்துவிட்டது, வழிகாட்டுவது யார்?

உதவிப் பேராசிரியர் பணி ஆணை கைக்கு வந்துவிட்டால் போராட்டம் முடிந்தது என்றே நாம் நினைக்கிறோம். முசரவாக்கம் போன்ற ஊரின் சேரியிலிருந்து முதல் தலைமுறையாகப் படித்த ஒருவர் கல்லூரி ஆசிரியரானால் தெருவே கொண்டாடுகிறது. கொண்டாட வேண்டியதுதான். ஆனால் மறுநாளிலிருந்து துறைக்குள் அவர் கதி என்ன என்று யாரும் கேட்பதில்லை.

உள்ளே நுழைவதற்கே நாம் தெருவில் நின்றோம். துறைவாரியாக இடஒதுக்கீட்டைக் கணக்கிடச் சொன்ன யுஜிசியின் 2018 மார்ச் ஆணையை எதிர்த்து நாடெங்கும் போராடினோம். அதன் பிறகுதான் பல்கலைக்கழகம் முழுவதையும் ஓர் அலகாகக் கொள்ளும் சட்டம் 2019-இல் வந்தது. ஆனால் உள்ளே போனவர் நிலைத்து நிற்பதற்கு எந்தச் சட்டமும் உதவவில்லை.

யுஜிசியின் 2018 விதிமுறைகளின்படி தகுதிகாண் பருவம் ஓராண்டு. மேலும் ஓராண்டு நீட்டிக்கலாம். அடுத்த ஊதிய நிலைக்குப் போக, முனைவர் பட்டம் பெற்றவருக்கு 4 ஆண்டு, எம்ஃபில் முடித்தவருக்கு 5, மற்றவர்களுக்கு 6 ஆண்டு. இடையில் பயிற்சி வகுப்புகளை முடித்திருக்க வேண்டும். எந்தப் பயிற்சிக்கு எப்போது விண்ணப்பிப்பது, எந்த ஆய்விதழ் செல்லும், எந்தத் தாளைப் பத்திரப்படுத்துவது? ஒன்று தவறினாலும் பதவி உயர்வு ஆண்டுக்கணக்கில் தள்ளிப்போகும்.

இதையெல்லாம் சொல்லித்தருவது யார்? காஞ்சிபுரத்தில் கோர்வைச் சேலை நெய்யும்போது, கரைக்கு நாடா கோத்துக்கொடுக்கத் தறியில் பக்கத்தில் இன்னொருவர் உட்கார வேண்டும். அப்படிப் பக்கத்தில் உட்கார்ந்துதான் பலரும் தொழில் கற்கிறார்கள். அந்த இடம் பெரும்பாலும் சொந்தக் குடும்பத்துப் பிள்ளைக்கே கிடைக்கிறது. பல்கலைக்கழகமும் அப்படித்தான். ஆதிக்கச் சாதி ஆசிரியருக்கு மாமா, சித்தப்பா, நெறியாளரின் நண்பர் என்று யாராவது தேநீர் நேரத்திலேயே சொல்லிவிடுகிறார்கள். அதற்கு யாரும் சலுகை என்று பெயர் வைப்பதில்லை. நமக்கு வழிகாட்டி வேண்டும் என்று கேட்டால் மட்டும் 'தகுதி' பேச்சு வருகிறது.

இது புதிதல்ல. 1918-இல் பம்பாய் சிடன்ஹாம் கல்லூரியில் பேராசிரியரான அண்ணல் அம்பேத்கர், தங்களுக்கான குடத்தில் தண்ணீர் குடிப்பதைச் சக பேராசிரியர்கள் எதிர்த்தார்கள். நூறாண்டு கழித்து, 2021 ஜூலையில், சென்னை ஐஐடியின் உதவிப் பேராசிரியர் விபின் பி. வீட்டில் சாதிப் பாகுபாட்டைக் காரணமாகச் சொல்லிப் பணி விலகல் கடிதம் கொடுத்தார். அவர் பிற்படுத்தப்பட்ட சமூகத்தவர். எஸ்.சி., ஓபிசி ஆசிரியர்களின் அனுபவங்களை ஆராய ஒரு குழு வேண்டும் என்றும் அந்தக் கடிதத்தில் கேட்டிருந்தார். இன்று தண்ணீர்க் குடம் இல்லை. அதன் இடத்தில் மறைக்கப்படும் சுற்றறிக்கையும், ஒதுக்கப்படாத ஆய்வு மாணவரும், தலையில் கட்டப்படும் கூடுதல் வேலையும் இருக்கின்றன.

நாங்கள் கேட்பது இவைதான்.

புதிதாகச் சேரும் ஒவ்வொருவருக்கும், எந்தச் சாதியானாலும், சொந்தத் துறைக்கு வெளியிலிருந்து ஒரு மூத்த ஆசிரியரை எழுத்துப்பூர்வமாக வழிகாட்டியாக நியமிக்க வேண்டும். துறைத் தலைவரே வழிகாட்டியானால் குறையை யாரிடம் சொல்வது?

வகுப்புச் சுமை, ஆய்வு மாணவர் ஒதுக்கீடு, குழுப் பணிகள் எல்லாம் அறிவிப்புப் பலகைக்கு வர வேண்டும்.

யுஜிசியின் 2012 சமத்துவ விதிமுறைகள் மாணவர்களை மனதில் வைத்தே எழுதப்பட்டன. ஆசிரியரின் புகாரையும் விசாரிக்கும் அமைப்பு தேவை.

கௌரவ விரிவுரையாளர்களுக்கும் இவை பொருந்த வேண்டும். மாதம் 50,000 ரூபாய் வரை தரலாம் என்று யுஜிசி 2019-இல் சொன்ன பிறகும் ஊதியத்துக்காகப் போராடிக்கொண்டிருப்பவர்கள் அவர்கள்.

அதுவரை காத்திருக்க வேண்டியதில்லை. தம்பி, தங்கைகளே, சேர்ந்த முதல் நாளிலிருந்தே ஒரு கோப்பு வையுங்கள். ஆணை, சான்றிதழ், கடிதம் எதையும் தேதியோடு சேருங்கள். வாய்மொழி உத்தரவு வந்தால், 'நீங்கள் சொன்னபடி' என்று எழுதி மின்னஞ்சல் அனுப்புங்கள். முன்னே போன நம் ஆசிரியர்கள், பின்னால் வரும் ஒருவருக்காவது விதிமுறையைப் படித்துக் காட்டுங்கள். அவர்கள் உறவுக்குள் செய்வதை நாம் அமைப்பாகச் செய்வோம்.

ஜெய்பீம்.