மயோர்க்காவில் ஒரு குடிக்கூலி வீடு

மத்தியதரைக்கடல் தீவு என்றவுடன் இளவெயில், எலுமிச்சைத் தோப்பு, ஓராண்டு தங்கி எழுதுவதற்கு ஒரு சிறிய வீடு என்று நம் மனம் அடுக்கத் தொடங்கிவிடுகிறது. இக்கனவை நமக்கு ஊட்டியவை பெரும்பாலும் நூல்களே. தீவுகளில் வீடெடுத்துத் தங்கிய எழுத்தாளர்களை நாம் நிலக்காட்சிக்காகவே வாசிக்கிறோம்; அவர்களது வாடகைக் கணக்கை வாசிப்பதில்லை. அதையும் சேர்த்து வாசித்தாலன்றி அந்நூல்கள் முழுமையாகப் பொருள்படா என்பது நம் கருத்து.

பிரெஞ்சு நாவலாசிரியர் ஜார்ஜ் சாண்ட், தம் இரு பிள்ளைகளோடும் நோயுற்றிருந்த இசைமேதை ஷோபனோடும் ஸ்பெயினின் மயோர்க்காத் தீவில் வந்திறங்கியது 1838 நவம்பரில். தீவின் மிதமான குளிர்காலம் ஷோபனின் நெஞ்சுக்கு நலம் செய்யும் என நம்பினர். பால்மா நகரில் தக்க வீடு அகப்படாமல், நகருக்கு வெளியே 'சோன் வெந்த்' என்னும் வீட்டை வாடகைக்குப் பிடித்தனர். காற்றின் வீடு என்று பொருள்படும் பெயர் அது. மழை தொடங்கியதும் வீடு பெயருக்கேற்றவாறே நடந்துகொண்டது. ஷோபனுக்குக் காசநோய் என்ற பேச்சு பரவியதும் வீட்டுக்காரர் வெளியேறச் சொன்னார். சுவர்களுக்கு வெள்ளையடிக்கும் செலவையும் அவர்கள் தலையிலேயே கட்டினார்.

டிசம்பரில் வால்டெமோசா என்னும் மலையூரின் பழைய மடத்தில் அவர்களுக்கு அறைகள் கிடைத்தன. அவை ஏன் காலியாக இருந்தன? 1835-இல் ஸ்பானிய அரசு மடங்களைக் கையகப்படுத்தித் துறவிகளை வெளியேற்றியிருந்தது. வெளியேற்றப்பட்டோரின் அறையில் வெளியேற்றப்பட்டோர் குடிபுகுந்தனர். 24 பிரெலூடுகளை ஷோபன் நிறைவுசெய்தது அங்கேதான். 1839 பிப்ரவரியில் அவர்கள் தீவைவிட்டே புறப்பட்டனர்.

இந்த மூன்று மாதக் கசப்பு 1842-இல் 'மயோர்க்காவில் ஒரு குளிர்காலம்' என்ற நூலாயிற்று. நிலத்தை வியந்து, மக்களைப் பழித்த நூல் அது. அறியாமை மிக்க ஊர் என்று சாண்ட் சினந்தார். எனினும் காசநோய் தொற்றும் என்ற ஸ்பானியரின் அச்சத்தில் உண்மை இருந்தது. அதன் கிருமியை ராபர்ட் கோக் கண்டறிந்து உலகுக்கு அறிவித்தது 1882-இல்தான். வீட்டுக்காரரின் கடுமையை நாம் ஏற்க வேண்டியதில்லை. ஆயின் அவரது அச்சத்தை மூடத்தனம் என்று தள்ளிவிடவும் இயலாது.

சாண்டுக்கு மறுமொழி சொன்னவரும் தீவுக்காரர் அல்லர். 1929-இல் தேயா என்னும் சிற்றூருக்கு வந்து, 1932-இல் அங்கேயே வீடு கட்டிக்கொண்டவர் ஆங்கிலக் கவிஞர் ராபர்ட் கிரேவ்ஸ். உள்நாட்டுப் போரால் 1936-இல் நீங்கி, 1946-இல் திரும்பி, 1985-இல் மறையும்வரை அங்கே வாழ்ந்தார். சாண்டின் நூலை அவர் ஆங்கிலத்தில் பெயர்த்து, தம் மறுப்புகளையும் சேர்த்து 1956-இல் வெளியிட்டார். மூன்று மாதம் இருந்தவரின் பார்வைக்கும் வேரூன்றியவரின் பார்வைக்கும் உள்ள வேறுபாட்டை இவ்விரு குரல்களில் காணலாம். ஆயினும் இருவரும் வெளியிலிருந்து வந்தவர்களே. அத்தீவிலேயே பிறந்து, அங்கே வாடகைக்குக் குடியிருப்பவரின் குரல் எங்கே?

இன்று அக்குரல் தெருவில் ஒலிக்கிறது. மயோர்க்கா, இபிசா முதலான பலேயாரிக் தீவுகளில் வாழ்வோர் ஏறத்தாழ 12 லட்சம். 2023-இல் அங்கு வந்த பயணியர் ஒன்றே முக்கால் கோடிக்கும் அதிகம். ஸ்பெயினின் வாடகைச் சட்டம் 2019-இல் செய்யப்பட்ட திருத்தத்தின்படி, வீட்டு உரிமையாளர் தனிநபராயின் 5 ஆண்டும், நிறுவனமாயின் 7 ஆண்டும் குடியிருப்பவருக்குப் பாதுகாப்பு அளிக்கிறது. ஆனால் பருவகால ஒப்பந்தத்துக்கு இப்பாதுகாப்பு இல்லை. ஆகவே அக்டோபர் முதல் மே வரை உள்ளூராருக்கு, கோடையில் பன்மடங்கு வாடகைக்குப் பயணியருக்கு என்ற வழக்கம் வேர்விட்டிருக்கிறது. பள்ளி ஆசிரியரும் செவிலியரும் கோடைதோறும் பெட்டி கட்டுகின்றனர்; இபிசாவில் வண்டிகளிலும் கூடாரங்களிலும் வாழும் தொழிலாளர் உளர். 2024 மே, ஜூலை மாதங்களில் பால்மா தெருக்களில் ஆயிரக்கணக்கானோர் திரண்டது இதன் விளைவே.

வாடகையைக் குடிக்கூலி என்னும் வழக்கு நம் மொழியில் உண்டு. ஒரு வீட்டில், ஓர் ஊரில் குடியாக இருப்பதற்குத் தரும் கூலி என்று அதற்குப் பொருள் கொள்ளலாம். எட்டு மாத ஒப்பந்தத்தில் கூலி இருக்கிறது, குடி இல்லை. பிள்ளையை ஒரு பள்ளியில் தொடர்ந்து படிக்கவைக்கவோ, முற்றத்தில் ஒரு மரம் நட்டுக் காய்க்கும்வரை காத்திருக்கவோ அதில் வழியில்லை.

தீவில் ஓராண்டு தங்கி எழுத விரும்பும் எவரையும் நாம் தடுக்கவில்லை. ஆனால் வீட்டைப் பிடிக்குமுன், அங்கே இதற்குமுன் குடியிருந்தவர் எங்கே போனார் என்று அவர் கேட்க வேண்டும். வால்டெமோசா மடத்து அறையைப் பற்றி சாண்ட் எழுதினார், கிரேவ்ஸ் மறுத்து எழுதினார். மே மாத இறுதியில் வீட்டுச் சாவியைத் திருப்பிக் கொடுக்கும் மயோர்க்காச் செவிலியர் ஒருவர் எழுதும் நூலே, அத்தீவைப் பற்றி நாம் இனி வாசிக்க வேண்டியது.