சத்தத்தைக் கூட்டினா ரீமாஸ்டரா?

புனேக்கு வந்தும் திருந்தாம, ஒரே ஆல்பத்தை மூணு தடவை வாங்கின ஏமாளி நான். ஸ்டூஜஸ் குழுவோட 'ரா பவர்'. 1973-ல வந்ததுல பெரும்பாலும் டேவிட் போவி மிக்ஸ். 1997-ல இக்கி பாப்பே மறுபடி மிக்ஸ் பண்ணி, காது கிழியுற அளவுக்கு சத்தத்தை ஏத்தினார். 2010-ல அதே போவி மிக்ஸைத் துடைச்சு மறுபடி வித்தாங்க. என் பையனோ 1997 பதிப்புதான் அசல்னு சாதிக்கிறான்!

பீச் பாய்ஸ் 1967-ல கைவிட்ட 'ஸ்மைல்' ஆல்பத்தை, கசிஞ்ச டேப்புகளைக் கோர்த்து ரசிகர்களே உருவாக்கிக் கேட்டாங்க. கம்பெனி அந்தப் பதிவுகளை ஆல்பமா வெளியிட்டது 2011-லதான்.

நாமளும் ஊர்ல கேசட் கடையில சீட்டு எழுதிக் கொடுத்துப் பாட்டு பதிஞ்சவங்கதானே? அது திருட்டுன்னா, பழசையே திரும்பத் திரும்ப விக்கிறதுக்கு என்ன பேரு? சொல்லுங்க மக்களே!