பாட்டைக் கண்ணால் பார்க்கலாம்! ஆனால் காதை மறக்கலாமா?

“உனக்குக் குரல் வராது!”

இந்த ஒரு வார்த்தை எத்தனை பிள்ளைகளின் வாயை அடைத்திருக்கிறது! குழந்தை சுருதி தப்பிப் பாடுகிறது. பெரியவர்கள் சிரிக்கிறார்கள். அன்றோடு குழந்தை பாடுவதை விட்டுவிடுகிறது.

பெரும்பாலும் குறை தொண்டையில் இல்லை. தன் குரல் மேலே போகிறதா, கீழே இறங்குகிறதா என்பது குழந்தைக்குத் தெரியவில்லை. அவ்வளவுதான். குரு பக்கத்தில் இருந்தால், “இன்னும் கொஞ்சம் மேலே ஏறணும், கண்ணு” என்று சொல்லித் திருத்துவார். குரு இல்லாத நேரத்தில் யார் சொல்வது?

அதற்காகத்தான் இப்போது மென்பொருள்கள் வந்திருக்கின்றன. பாடுகிற குரலை, பாடப் பாடவே செல்போன் திரையில் கோடாக வரைந்து காட்டுகின்றன. இது நல்லதா, கெட்டதா?

நல்லதுதான். ஆனால் அதை நம் சங்கீதத்துக்கு ஏற்றபடி செய்ய வேண்டும். அளவோடு பயன்படுத்தவும் வேண்டும்.

மீதி 6 நாள்

தாம்பரத்துக்கும் செங்கல்பட்டுக்கும் இடையே உள்ளது சிங்கப்பெருமாள் கோவில். குடைவரைக் கோவிலில் நரசிம்மர் எழுந்தருளியிருக்கும் ஊர். அந்த ஊர்ச் சிறுமி ஒருத்தி மயிலாப்பூர் வித்வானிடம் பாட்டுக் கற்க வேண்டும் என்றால், மின்சார ரெயில் ஏறிப் போய்த் திரும்புவதற்கே அரை நாள் ஆகிவிடும். வாரத்தில் ஒரு நாள் பாடம். மீதி 6 நாளும் வீட்டில் தனியாகச் சாதகம். அந்த 6 நாளும் தப்பாகப் பாடினால், தப்பே பழக்கமாகிவிடும்.

செல்போன் வழியாகப் பாடம் கேட்கலாமே என்பார்கள். கேட்கலாம். ஆனால் குரல் போய்ச் சேரச் சற்றுத் தாமதம் ஆகிறது. குருவும் சிஷ்யையும் சேர்ந்து பாட முடிவதில்லை. கூடவே பாடித் திருத்துவதுதானே நம் வழக்கம்?

கோடு எப்படி வருகிறது?

குரல் என்பது காற்றின் அதிர்வு. ஒரு பெண் 5 கட்டை சுருதியில் ‘ஸ’ பிடித்தால், அது வினாடிக்கு ஏறக்குறைய 196 தடவை அதிர்கிறது. ‘ப’ அதைப் போல் ஒன்றரை மடங்கு, அதாவது 294. மேல் ‘ஸ’ இரண்டு மடங்கு, 392. செல்போனில் உள்ள மைக் இந்த அதிர்வை வாங்குகிறது. மென்பொருள் அதை எண்ணுகிறது. எண்ணிக்கை கூடினால் கோடு ஏறும். குறைந்தால் இறங்கும்.

இது நேற்று வந்த யோசனை அல்ல. 1980-களிலேயே இங்கிலாந்தில் கிரகாம் வெல்ச், டேவிட் ஹோவர்டு என்ற இரு ஆராய்ச்சியாளர்கள், பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்காக ‘சிங்காட்’ என்ற மென்பொருளைச் செய்தார்கள். சுருதி சேராத பிள்ளைகள் தங்கள் குரலைத் திரையில் பார்த்துத் திருத்திக்கொள்ள அது உதவியது.

நம் சங்கீதத்தின் பக்கமும் விஞ்ஞானிகளின் பார்வை திரும்பியது. 2011-ம் ஆண்டில் ஸ்பெயின் நாட்டின் பார்சிலோனா நகரில், பொம்பெயு பாப்ரா பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் சேவியர் செர்ராவின் தலைமையில் ‘காம்ப்மியூசிக்’ என்ற பெரிய ஆராய்ச்சி தொடங்கியது. கர்நாடக சங்கீதமும் அதில் ஒரு பகுதி. சென்னை ஐ.ஐ.டி.யின் பேராசிரியை ஹேமா மூர்த்தியும் அவருடைய மாணவர்களும் அதில் பங்குகொண்டார்கள். அந்த ஆராய்ச்சியில் தேர்ந்தவர்கள் பிறகு பெங்களூரில் ‘ரியாஸ்’ என்ற பாட்டுப் பயிற்சிச் செயலியை உருவாக்கினார்கள்.

தோடி படும் பாடு

இங்கேதான் கவனம் வேண்டும்.

பியானோவில் ஒவ்வொரு ஸ்வரமும் ஒரு படிக்கட்டு. படியில் நின்றால் சரி, நழுவினால் தப்பு. நம் பாட்டிலோ ஸ்வரம் பல இடங்களில் ஊஞ்சல் போல ஆடும். அதுதான் கமகம். தோடி ராகத்தின் காந்தாரம் ஓரிடத்தில் நிற்பதில்லை. ரிஷபத்தின் பக்கம் இறங்கி, மத்யமத்தின் பக்கம் ஏறி அசைந்தாடும். அந்த அசைவு இல்லாவிட்டால் தோடியே இல்லை.

படிக்கட்டுக் கணக்கில் செய்த ஒரு மென்பொருளுக்கு முன்னால் குழந்தை சரியான தோடியைப் பாடுகிறது என்று வைத்துக்கொள்வோம். என்ன ஆகும்? “தப்பு, தப்பு” என்று திரை சிவக்கும்! குழந்தை பயந்துபோய்க் காந்தாரத்தை ஆணி அடித்தாற்போல் நிறுத்தும். உடனே திரை “சபாஷ்” போடும். குழந்தைக்கு மதிப்பெண் கிடைத்துவிடும். தோடி செத்துவிடும்!

ஆகவே, மென்பொருள் செய்கிறவர்கள் குழந்தையின் கோட்டைப் படிக்கட்டோடு ஒப்பிடக் கூடாது. நல்ல வித்வான் பாடிய பிடியின் கோட்டோடு ஒப்பிட வேண்டும். எந்தக் கட்டையில் பாடினாலும் அந்தச் சுருதியையே ‘ஸ’ என்று எடுத்துக்கொள்ள வேண்டும். சொல்லும் குறிப்பு நல்ல தமிழில் இருக்க வேண்டும்.

இதற்கு வித்வான்களின் ஒலிப்பதிவு வேண்டும். தமிழ்நாட்டில் அரசே இசைப்பள்ளிகளை நடத்துகிறது. குரலிசையும் தேவாரமும் அங்கே சொல்லித் தருகிறார்கள். அந்த ஆசிரியர்களையும் கம்ப்யூட்டர் படித்தவர்களையும் ஒன்றாக உட்கார வைத்து, இலவசமாக ஒரு செயலி செய்து கொடுத்தால் என்ன? பணம் கட்ட முடியாத வீட்டுப் பிள்ளையும் பாடுமே!

கண்ணுக்கு வேலை, காதுக்கு லீவு

இன்னும் ஓர் ஆபத்து உண்டு. எப்போதும் திரையைப் பார்த்துக்கொண்டே பாடினால், கண் காதின் வேலையைப் பிடுங்கிக்கொள்ளும். உடல் பழக்கங்களைப் பற்றி ஆராய்ந்த அறிஞர்கள் 1984-ம் ஆண்டிலேயே இதை எடுத்துச் சொன்னார்கள். செய்யச் செய்ய யாராவது திருத்திக்கொண்டே இருந்தால், அப்போதைக்கு வேலை சுத்தமாக இருக்கும். திருத்துவது நின்றதும் தடுமாற்றம் வந்துவிடும் என்றார்கள். நடைவண்டி பிடித்து நடக்கிற குழந்தையின் கதைதான்!

கச்சேரி மேடையில் திரை இருக்காது. தம்புரா மட்டுமே இருக்கும். அந்த நாதத்தோடு சேர்வதற்குக் காதுதான் வேண்டும்.

வீட்டில் இதற்கு ஒரு சுலபமான வழி உண்டு. சரளி வரிசையை முதல் தடவை திரையைப் பார்த்துப் பாடட்டும். இரண்டாம் தடவை செல்போனைக் கவிழ்த்து வைத்துப் பாடட்டும். பாடி முடித்த பிறகு கோட்டைப் பார்க்கட்டும். எங்கே தப்பினோம் என்று பார்ப்பதற்கு முன்னால் தானே சொல்லட்டும். தம்புரா ஒலியை மட்டும் இயர்போனில் கேட்டுக்கொள்வது நல்லது. இல்லாவிட்டால் மைக் அதையும் சேர்த்து வாங்கிக் குழப்பிவிடும்.

தப்பு எங்கே என்பதைத் திரை காட்டும். ராகத்தின் உயிர் எங்கே என்பதைக் குருதான் காட்ட வேண்டும். ஆகையால் செயலி வாங்கிவிட்டோம் என்று பாட்டு வாத்தியாரை நிறுத்திவிடாதீர்கள். அவர் வராத 6 நாளைக்குத்தான் செயலி!